எழுதியவர்: அணைஞ்சபெருமாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் 'வெள்ளிக்கல் முரசு' என்னும் இணையப் பேரரசுக்கு ஏக சக்கரவர்த்தி நான். பேரரசு என்றால் சாதாரணம் இல்லை. வெள்ளிக்கல்பட்டி பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, கிழக்கே ரைஸ் மில்லையும் தாண்டி, செல்போன் சிக்னல் சாகிற இடம் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. தலைநகரம் என் ஜெராக்ஸ் கடை. படைபலம்: ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, நான்.

இதை நடத்திக்கொண்டிருந்தவன் என் அக்கா மகன் மாசானம். செய்தி அவன் எழுதுவான். வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தவன் நான். போன மாதம் குவாரி ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தவனை லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டான். பிரேக் பிடிக்கவில்லை என்றான் டிரைவர். பிரேக் பிடிக்காத அந்த லாரி, அடித்த பிறகு அழகாக நின்று, திரும்பி, வந்த வழியே போயிருக்கிறது. இயந்திரங்களின் மனசை யார் கண்டது. போலீஸ் விபத்து என்று எழுதியது. நானும் விபத்து என்றே எழுதுகிறேன்.

"மாமா, சைட்டைப் பாத்துக்கிடுதவன் என்ன செஞ்சான், எதை மாத்தினான்னு தேதி போட்டு எழுதி வைக்கணும்" என்று மாசானம் சொல்லிக்கொண்டே இருப்பான். இருந்தபோது நான் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இன்று செய்தவை: சைட்டுக்கு பேக்கப் எடுத்தேன். மேசை விசிறிக்கு எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மாசானத்தின் மனைவி பிரம்மசக்தி கடைக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். கையில் அவனுடைய செல்போன்.

"மாமா, இதுக்கு ஒரே மெயிலா வருது. பாஸ்வேர்ட மாத்தணுமா, மாத்தணுமான்னு. நான் ஒண்ணும் கேக்கல. யாரோ அவுக கணக்கத் திறக்கப் பாக்காவ."

"நம்ம சைட்டுன்னா சும்மாவா தாயி? வெளிநாட்டு உளவாளியெல்லாம் ராப்பகலா முட்டத்தான் செய்வான்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதுக்குள்ள என்னதான் இருக்கு? எனக்கு வெவரமாச் சொல்லுங்க."

கேட்டால் விடுவேனா. அண்ட சராசரத்தின் அமைப்பையே விளக்குகிறவன் போல எழுந்து நின்றேன்.

"கல்யாண மண்டபத்த நினைச்சுக்கோ. வாசல்ல வாழமரம், சீரியல் லைட்டு, மேடை, இதெல்லாம் டெம்ப்ளேட்டு. நாளைக்கே கழட்டிட்டு வேற மாட்டலாம். பின்னால சமையக்கட்டு இருக்குல்லா, அது டேட்டாபேஸு. தலைப்பு ஒரு அண்டா, படம் ஒரு அண்டா, எழுதினவன் வெவரம் ஒரு அண்டா. எல்லாம் தனித்தனி. ஆளு வந்து இலை முன்னால உக்காந்தாத்தான் எடுத்துப் பரிமாறுவோம்."

"யாரும் வரலன்னா?"

"இலையே கிடையாது. நீ பாக்க பக்கம்னு ஒண்ண எங்கயும் எழுதி வைக்கல. நீ கேக்கும்போதுதான் அது பிறக்கும். பாத்துட்டுப் போயிட்டா செத்துரும்."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டுரைக்குக் கீழ அவுக பேரு இருக்கே, அது?"

"கட்டுரைக்குள்ள பேரு இருக்காது. ஒரு நம்பர்தான் இருக்கும். அந்த நம்பர் யாருன்னு ஆள் பட்டியல்ல போய்ப் பாத்து, பேரையும் போட்டோவையும் எடுத்துட்டு வந்து ஒட்டும்."

"அப்ப ஆள் பட்டியல்ல அவுக இருக்கிற வரைக்கும்தான் ஒருத்தன் முட்டிக்கிட்டே இருப்பான்" என்றாள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு இவ்வளவு கூர்மை ஆகாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருடன் பூட்டை ஆட்டுகிறான் என்றால் கதவையே எடுத்துவிடுவது என் ராஜதந்திரம். மாசானத்தின் கணக்கை நீக்கப் போனேன். நீக்கு என்று அழுத்தியதும் சிஸ்டம் ஒரு கேள்வி கேட்டது: இவர் எழுதியவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழிக்கவா, வேறொருவர் பேருக்கு மாற்றவா?

துஷ்டி கேட்டு மாசானத்தின் சாவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. மிஷின் கேட்டது. கொஞ்ச நேரம் கண்ணில் தூசி.

மாற்றலாம் என்றால் யாருக்கு? பட்டியலில் மிச்சம் ஒரே ஆள். அடியேன். அங்கே என் பேர் வெறும் பேர் இல்லை. சைட்டைக் கட்டிய காலத்தில் நானே சூட்டிக்கொண்ட பட்டம்: 'இணையச் சக்கரவர்த்தி, கணினிக் குலதிலகம் அணைஞ்சபெருமாள்'. கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ. அதன் கீழே கடை முகவரி, செல் நம்பர், 'கலர் ஜெராக்ஸ், லேமினேஷன் செய்து தரப்படும்.'

ஒரே அழுத்து. அவன் எழுதியது அத்தனையையும் தத்தெடுத்துக்கொண்டேன். உலகத்தில் இவ்வளவு பெரிய குடும்பஸ்தன் வேறு யாரும் இல்லை.

இன்று செய்தவை: மேற்படி. அப்புறம், கடை முன்னால் சாக்கடை அடைப்பு எடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு என் பேரரசின் பெருமையை எடுத்துச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் பல் விளக்கும்போதே போன். தெரியாத நம்பர்.

"இணையச் சக்கரவர்த்தியா?"

"ஆமா" என்றேன், பெருமையாக.

"உங்க கட்டுரைய வாசிச்சோம்." வைத்துவிட்டார்கள்.

நான் ஜென்மத்தில் கட்டுரை எழுதியவன் இல்லை. கடைக்கு ஓடி கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்தில், வாழை மரம் கட்டின மாதிரி பெரிய எழுத்தில்: 'குவாரிக் குழி, பாகம் ஒன்று'. ஒத்தப்பனை கிராமத்துக்குப் பக்கத்தில் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குழி. அதற்குத் தார்ப்பாய் மூடின லாரிகள் போகின்றன, காலியாகத் திரும்புகின்றன என்று ஆரம்பித்து, எந்த வழி, எந்த வண்டி என்று அடுக்கி, கீழே கூலிங் கிளாஸோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கலர் ஜெராக்ஸ், லேமினேஷன் செய்து தரப்படும்.

நடந்தது இதுதான். மாசானம் எழுதி முடித்து, திங்கட்கிழமைக்கு ஒன்றாக வெளியாகும்படி தேதி குறித்து வைத்திருக்கிறான். நான் தத்தெடுத்த பிள்ளைகளில் பிறக்காத பிள்ளைகளும் இருந்திருக்கின்றன. தேதி வந்தது, பிறந்தது. அப்பன் பேர் அணைஞ்சபெருமாள்.

குழியும், கல் உடைக்கிற கிரஷரும் முதலாளியுடையவை. வெள்ளிக்கல்பட்டியில் முதலாளி என்றால் ஒருவர்தான். பேர் எழுத வேண்டியதில்லை.

வரிசையில் இன்னும் இரண்டு பாகம் தேதியோடு நிற்கிறது. நான்காவது என்று ஒன்று டிராஃப்டில் கிடக்கிறது, அதைத் திறக்கவில்லை. பிரம்மசக்திக்குப் போன் போட்டேன்.

"நிறுத்திரவா தாயி?"

"அவுக எழுதினது. பேரு உங்களுது. நான் எதையும் சொல்ல மாட்டேன், மாமா."

ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். நான் எதையும் வெளியிடவில்லை. எதையும் நிறுத்தவும் மாட்டேன். செய்வது மிஷின். சக்கரவர்த்தி நடுநிலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடை திறந்ததும் கோமதிநாயகம் வந்தார். முதலாளியின் கிரஷருக்கு மேனேஜர். நெற்றி நிறையத் திருநீறு, குரலில் வெண்ணெய். தோளில் ஒரு ஸ்கூட்டர் டயர்.

"மாமா, சௌக்கியமா? முதலாளி உங்களுக்கு இதக் குடுக்கச் சொன்னாவ."

"எதுக்குவே டயரு? என் வண்டி நல்லாத்தான இருக்கு."

"இருக்கட்டும் மாமா. தேவப்படும்லா."

உட்கார்ந்து காப்பி குடித்தார். மாசானத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே வாயைக் கொடுத்தேன்: "அது நான் எழுதினது இல்லவே. மிஷினு தானாப் போட்டுக்கிடுச்சு."

"மிஷினுக்கு நம்ம ஊரு லாரி நம்பரெல்லாம் தெரிஞ்சிருக்கே" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மத்தியானம் சாப்பிடப் போக வண்டியை எடுத்தேன். பின் டயர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வெயில். தார் ரோட்டில் எரிமலையே கொதிக்கிற வெயில். டயர் தாங்குமா? புது டயரை மாட்டிக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

"வாசக்கதவ ஏன் தடவ தடவயாப் போய்ப் பாக்கீய?" என்றாள் என் வீட்டுக்காரி சண்முகவடிவு. தாழ்ப்பாளின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அறிவியல் புரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டாம் பாகத்துக்குக் குறித்த நேரம் காலை ஆறு மணி. ஏழு வரைக்கும் யாரிடமிருந்தும் போன் வரவில்லை. எட்டு வரைக்கும் வரவில்லை. இட்லி இரண்டு கூடுதலாகவே இறங்கியது. மிஷினுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து பார்த்தால் வந்திருக்கிறது. தார்ப்பாய்க்குள் இருப்பது நீல டிரம்கள், எங்கோ ஒரு கெமிக்கல் கம்பெனியின் கழிவு என்று எழுதியிருக்கிறான். என் கூலிங் கிளாஸ் கீழே மின்னுகிறது.

வெளியான நேரம் எட்டுக்கு மேல் என்று காட்டியது. ஏன் தாமதம் என்று, யார் எப்போது வந்தார்கள் என்று குறித்து வைக்கிற சர்வர் லாகை நோண்டினேன். அப்போதுதான் உறைத்தது. நம் சர்வர் மலிவு வாடகை சர்வர். அதற்குச் சொந்த அலாரம் கிடையாது. வெளியிட வேண்டிய நேரம் வந்தாலும் அதுபாட்டுக்குத் தூங்கும். யாராவது வந்து வாசலைத் தட்டினால்தான் எழுந்து, 'செய்ய வேண்டிய வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா' என்று பார்த்துச் செய்யும். மாசானம் போன பிறகு நம் சைட்டுக்கு யார் வருகிறார்கள்? இன்று காலையில் முதன்முதலாகத் தட்டியது கிரஷர் ஆபீஸ். அந்த ஆபீசுக்கு நெட் கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்ததே நான்தான். அதன் இணைய எண் எனக்குத் தெரியும். போன திங்கட்கிழமையும் அதே ஆபீஸ்தான்.

போட்டுவிட்டானா என்று பார்க்க வருகிறார்கள். வந்து பார்ப்பதாலேயே வெளியாகிறது. தன் குழிக்குத் தானே தண்டோரா போடுகிற முதலாளியை ஈரேழு பதினாலு லோகத்திலும் கண்டதில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. நிற்கக் காரணம் ஒன்றும் இல்லை. சும்மா நின்றது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோமதிநாயகம் இன்று ஹெல்மெட் கொண்டுவந்தார். "குவாரி ரோட்டுப் பக்கம் போனா போட்டுக்கிடுங்க மாமா. உங்க மருமகப்பிள்ளை போட்டிருக்கலாம்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்துக் காலைல நீரு சைட்ட எத்தன தடவ பாத்தீரு?"

"முதல்ல பாத்தேன், ஒண்ணும் இல்ல. நிம்மதியா இன்னொருக்கப் பாத்தேன், இருந்துச்சு. நான் பாக்கதப் பாத்துட்டுத்தான போட்டீய?"

"நான் வீட்ல இட்லி தின்னுட்டு இருந்தேன்வே! நீரு முதல் தடவ தட்டினது மிஷின எழுப்பிருக்கு. ரெண்டாம் தடவ அது செஞ்ச வேலையக் காட்டிருக்கு. வெளியிட்டது நீருதான்!"

தொடையைத் தட்டிச் சிரித்தேன். அவரும் என்னோடு சிரித்தார். நான் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அப்ப யாருமே பாக்காம இருந்தா மூணாவது வராது. நல்ல சங்கதி சொன்னீய மாமா."

ஆகஸ்ட் 22, வெள்ளி

கிரஷர் ஆட்கள் டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று ஒன்று விடாமல் போய்ச் சொல்கிறார்கள்: "திங்கக்கிழம யாரும் வெள்ளிக்கல் முரசப் பாக்கக் கூடாது. முதலாளி சொன்னாவ." இத்தனை வருஷத்தில் அந்த சைட்டுக்கு இப்படி ஒரு விளம்பரம் நானோ மாசானமோ செய்யவில்லை. சலூன்காரர் என்னிடமே கேட்டார்: "அதென்ன சைட்டு மாமா? எப்படி வரணும்?"

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆறு மணிக்கு ஊரே தட்டியது. சர்வர் மூச்சு முட்டிப் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது. மூன்றாம் பாகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்ட அதிகாரிகள் யார் யார் என்று பதவிகளோடு. கடைசி வரி: 'ஒத்தப்பனை ஊர்க்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? அடுத்த பாகத்தில்.'

இன்று கடையைத் திறக்கவில்லை. சக்கரவர்த்திகளும் ஓய்வெடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கோமதிநாயகம் வீட்டுக்கே வந்துவிட்டார். செய்தித்தாள் சுற்றிய பெரிய ஃப்ரேம்.

"சைட்ல உங்க போட்டோ எடுப்பா இருந்துச்சு. பெருசு பண்ணிக் குடுத்துட்டு வான்னு முதலாளி சொன்னாவ. கூலிங் கிளாஸத்தான் எடுக்க முடியல. கண்ணு தெரிஞ்சா இன்னும் லெச்சணமா இருந்திருக்கும்."

மார்பளவு நான். நல்ல பிரிண்ட், தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக் கூடாது. கீழே ஒரு பட்டை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தது.

"இது ஏன் காலியாக் கிடக்கு?"

"தேதி கீதி எழுதிக்கிடலாம்லா மாமா."

சண்முகவடிவு உள்ளேயிருந்து வந்தாள். ஃப்ரேமை வாங்கி, ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணித் தொட்டிக்கு மூடி இல்லாம ரெம்ப நாளாக் கஷ்டப்பட்டோம், தம்பி. அளவா இருக்கு" என்று அவர் கண் முன்னாலேயே கொண்டுபோய்த் தொட்டி மேல் கவிழ்த்துப் போட்டாள்.

கோமதிநாயகம் கிளம்பும்போது வாசற்படியில் நின்றார். முகத்தில் வெண்ணெய் இல்லை. "மாமா, நாலாவது வரக் கூடாது."

ஆகஸ்ட் 27, புதன்

நான்காம் பாகத்தைத் திறந்தேன். தலைப்பு இருக்கிறது: 'ஒத்தப்பனைக் கிணறு'. கீழே ஒரே வரி: 'நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.' அவ்வளவுதான். தேதி குறிக்கவில்லை.

இந்த சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்து சேமித்தாலும் பழையதையும் புதியதையும் பத்திரமாக அடுக்கி வைக்கும். அந்த ஒரு வரியைக் கடைசியாகச் சேமித்த நாளைப் பார்த்தேன். காலையில் சேமித்திருக்கிறான். அன்றைக்கு மத்தியானம்தான் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனது.

விபத்து என்று எழுதியிருந்தேன். இருக்கட்டும், அந்தச் சொல்லை அடித்துத் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நானே கோமதிநாயகத்துக்குப் போன் போட்டேன். "நாலாவதுன்னு ஒண்ணு கிடையாதுவே. அவன் எழுதவே இல்ல. ஊரே வந்து தட்டினாலும் மிஷினு போடாது."

"சத்தியமா?"

"கம்ப்யூட்டர் மேல சத்தியம்."

"ரெம்ப சந்தோஷம் மாமா. முதலாளிட்டச் சொல்லுதேன். இனிமே நம்மளுக்குள்ள ஒண்ணும் இல்ல."

ஆக, சுபம். சக்கரவர்த்தி போர் இல்லாமலே வென்றார். சண்முகவடிவிடம் சொன்னேன். "சரி" என்றாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பாராட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கடைக்கு ஒரு பெண் வந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளை நீட்டினாள். பேர் முப்பிடாதி. ஒத்தப்பனையிலிருந்து வந்திருக்கிறாள். பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கடைச் சுவரில் ஒட்டியிருந்த என் கூலிங் கிளாஸ் போட்டோவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான செல்போன்ல எழுதுத ஆளு? நாலாவது எப்ப வரும்?"

"எதுக்கும்மா?"

"கிணத்துத் தண்ணியக் குடிக்கலாமா கூடாதான்னு அதுலதான் போடுவீயன்னு சொன்னாவ. மோட்டார் ஆயில் சிந்திருச்சு, ஒண்ணும் செய்யாதுன்னு கம்பெனிக்காரவுக சொல்லுதாவ. எங்களுக்கு என்ன தெரியும்? நீங்க போட்டதும் முடிவு பண்ணிக்கிடுவோம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் அதத்தான் குடிக்கோம். வேற தண்ணி எங்க இருக்கு?"

ஜெராக்ஸுக்கு நான் காசு வாங்கவில்லை. அவள் வற்புறுத்தினாள். வாங்கவில்லை. அடுக்கிய சீட்டுகள் என் கையிலிருந்து தரையில் விழுந்தன. மேசை விசிறிக் காற்று.

ஆகஸ்ட் 30, சனி

எதையும் செய்யவில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் பிரம்மசக்தி வீட்டுக்குப் போனேன். "தாயி, ஒத்தப்பனைக்குப் போயிட்டு வாரேன். தகவலாச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்தாள்.

குவாரி ரோட்டில் ஒரு வளைவில், "மெதுவாப் போங்க மாமா" என்றாள். ரோட்டோரத்தில் கண்ணாடித் துண்டுகள் இன்னும் கிடந்தன.

போனோம், பார்த்தோம். கிரஷர் கேட்டில் நின்ற ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான்.

திரும்பி வந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அருவியாகக் கொட்டியது. 'ஆலகால விஷத்தை அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றியது போலப் பாதாளம் வரை கொதிக்கிறதே அந்தக் கிணறு!' என்று தொடங்கினேன். பிரம்மசக்தி வாசித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கொதிச்சுதா, மாமா?"

"ஒரு பேச்சுக்கு..."

"ஒரு சொல்லக் கூட்டினீயன்னா, மொத்தமும் பொய்ம்பாவ. அவுக மூணு பாகத்துலயும் அப்படி ஒரு சொல்லு இருக்கா?"

இல்லை. மூன்றையும் மறுபடி வாசித்தேன். என் பேரில் வந்த கட்டுரைகளை இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காக வாசித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அழித்தேன். எழுதினேன். அழித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சிரமப்பட்டு இவ்வளவு கொஞ்சமாக எதையும் செய்ததில்லை. மிஞ்சியது இது:

'ஒத்தப்பனை ஊர்க்கிணறு குவாரிக் குழிக்குக் கிழக்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. குழிக்குள் நீல நிற டிரம்கள் கிடக்கின்றன. பல உடைந்திருக்கின்றன. அவற்றின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது. வாடை அடிக்கிறது. நாங்கள் பார்த்த பிள்ளைகளில் பலருக்குக் கையிலும் காலிலும் புண் இருக்கிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பாட்டில் எடுத்து வந்திருக்கிறோம், பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். முடிவு வருகிற வரைக்கும் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். சமைக்க வேண்டாம். பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டாம்.'

"இது போதும்" என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

விடிந்ததும் கடைக்குப் போனேன். முதல் வேலையாக மாசானத்துக்குப் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினேன். பாஸ்வேர்ட் பிரம்மசக்தியிடம். முதல் மூன்று பாகங்களையும் அவன் பேருக்குத் திருப்பினேன். என் போட்டோ போய் அவன் முகம் வந்தது. பைக் மேல் சாய்ந்து நிற்கிற போட்டோ.

அடுத்து என் பேரைத் திறந்தேன். 'இணையச் சக்கரவர்த்தி' என்பதை அழித்தேன். 'கணினிக் குலதிலகம்' போனது. கூலிங் கிளாஸ் இல்லாத போட்டோ ஒன்று ஆதார் ஜெராக்ஸில் கிடைத்தது, அதைப் போட்டேன். முகவரியையும் செல் நம்பரையும் எடுக்கலாமா என்று யோசித்தேன். முப்பிடாதி மாதிரி யாராவது கேட்க வேண்டுமென்றால் எங்கே வருவார்கள்? விட்டுவிட்டேன்.

நான்காம் பாகம். தேதி குறிக்கவில்லை. எவனாவது வந்து தட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. பப்ளிஷ் என்கிற பட்டனை நானே அழுத்தினேன். எழுதியவர்: அணைஞ்சபெருமாள்.

நேற்று ஒத்தப்பனையில் நம்பர் வாங்கியிருந்தேன்; முப்பிடாதிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "சரி அண்ணாச்சி" என்றாள். பின்னால் யாரையோ பார்த்து அவள் கத்தியது கேட்டது: "ஏட்டி, அதக் கீழ கொட்டு!"

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன்பு கோமதிநாயகம் போனில் வந்தார்.

"வாசிச்சேன் மாமா. நல்லா எழுதிருக்கீய. இதுவும் மிஷினு போட்டதுன்னு சொல்லுவீயளோன்னு பாத்தேன்."

"இல்லவே. நான்தான்."

"வீட்லதான் இருக்கீயளா?"

"வீட்லதான் இருக்கேன்."

"இருங்க. வாரோம்."

சண்முகவடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு?"

சொன்னேன். உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வா என்றும் சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை.

"எத்தன பேரு வாராவளாம்?"

"சொல்லல."

"பால் பத்தாதே" என்றபடி செம்பை எடுத்துக்கொண்டு வாசலைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். "இங்க வந்து பாருங்க."

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். தெருவை அடைத்துக்கொண்டு ஒத்தப்பனைப் பெண்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று காலிக் குடங்கள். எங்கள் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முன்னால் முப்பிடாதி, மகனை ஒக்கலில் வைத்துக்கொண்டு. குழாயடியிலிருந்து தெருமுனை வரைக்கும் குடங்களை வரிசையாகத் தரையில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

தெருமுனையில் கிரஷர் ஜீப் திரும்புகிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

ஹாரன் அடிக்கிறார்கள். விடாமல் அடிக்கிறார்கள்.

ஒரு குடமும் நகரவில்லை.